கருங்கிளியும் முதுமரமும்

கிளி என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தே நம் மனக்கண்முன் வந்து நிற்பது பச்சை நிறம். பைங்கிளி என்றும் பசுங்கிளி என்றும் நிறத்தையே பெயரோடு ஒட்டி வழங்கிய மரபு நம்முடையது. மதுரை மீனாட்சியின் கையில் இருப்பதும் பச்சைக்கிளியே. திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையில் நாள்தோறும் இலைகளாற் புதிதாகப் புனைந்து வைக்கப்படுவதும் பச்சைக்கிளியே. ஆதலால், காக்கையினும் பெரிதாய், உடல் முழுதும் கரிய இறகு போர்த்து, தலையிலே குறுங்கொண்டையும் வாலிலே வெண்பட்டையும் தாங்கி, பெருங்காட்டின் உச்சிக் கொம்பிலிருந்து சீழ்க்கையடிக்கும் ஒரு பறவையைக் காட்டி, 'இதுவும் கிளிதான்' என்று ஒருவர் சொன்னால் நம்மவர் எளிதில் ஒப்பமாட்டார்.

ஆனால் அத்தகைய கிளி உண்டு. அவுஸ்திரேலியாக் கண்டத்தின் தென்மேற்கு மூலையில், உலகின் வேறெப்பகுதியிலும் காணப்படாததாய், அது வாழ்ந்து வருகிறது. போடன் கொண்டைக்கிளி என்பது அதன் பெயர். வாழ்ந்து வருகிறது என்று எழுதும்போதே கை சற்றுத் தயங்குகிறது. அழிந்துபோகும் ஆபத்து மிக மிகக் கடுமையாக உள்ள உயிரினங்களின் வரிசையில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அண்மைக் காலத்தில் இப்பறவையையும் சேர்த்துவிட்டது. எஞ்சியிருப்பவை சில ஆயிரங்களே. சில ஆயிரம் என்பது சிறு தொகையா என்று கேட்கலாம். இப்பறவையின் வாழ்வு எவ்வளவு மெதுவாக நடைபெறுவது என்பதை அறிந்தவர்க்கே அத்தொகை எவ்வளவு சிறியது என்பது விளங்கும். அதனைச் சொல்லவே இக்கட்டுரை எழுந்தது.

பேர்த் நகருக்குக் கிழக்கே எழும் டார்லிங் மலைத்தொடர் முதல் தெற்கே அல்பனித் துறைமுகத்தின் அயல் வரை பரந்து கிடக்கும் மழைவளக் காடுகளே இக்கிளியின் நாடு. அக்காட்டுப் பெருமரங்களில் மூன்று முதன்மையானவை: ஜாரா, காரி, மாரி. மூன்றும் நம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் ஓரங்களில் நட்டு வளர்க்கப்பட்டிருக்கும் யூக்கலிப்டஸ் மரங்களுக்கு உறவினர். ஜாராவின் செந்நிற மரம் வைரம் பாய்ந்தது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இலண்டன் மாநகரின் வீதிகளுக்குத் தளம் பாவுவதற்கும் அது கப்பலேறிச் சென்றது. காரி எண்பது மீற்றர் உயரத்தையும் எட்ட வல்லது. மாரியின் பட்டையிற் காயம் பட்டால் செம்பிசின் குருதிபோல் வழியும். அந்நிலத்தின் முதுகுடிகளான நூங்கார் மக்களின் மொழியில் அச்சொல்லுக்குக் குருதி என்றே பொருள் கூறுவர். நமக்கு மாரி என்றால் மழை. ஒலி ஒன்றாய்ப் பொருள் வேறாய் அமைந்த இத்தற்செயலை ஆராய்ச்சி எதற்கும் ஆதாரமாக்க வேண்டாம். நினைவில் வைத்துக்கொள்ள உதவும் என்பதற்காகவே சொன்னேன்.

இளவேனிற் காலத்தில் இக்கிளிகள் தெற்கேயுள்ள உட்காடுகளிற் கூடு அமைத்துக் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் பறக்கத் தொடங்கியபின், இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும், கூட்டங்கூட்டமாக வடக்கு நோக்கி வந்து டார்லிங் மலைச்சாரலிற் பரவும். கருங்கிளிகள் கூவிப் பறந்தால் மழை வரும் என்பது நூங்கார் மக்களின் பழைய நம்பிக்கை. பின்வந்து குடியேறிய வெள்ளையரும் அதை அவர்களிடமிருந்து ஏற்றுக்கொண்டனர். வெள்ளைவாற் கருங்கிளியை அம்மக்கள் 'ஙூலார்க்' என்பர். நம் நெடுங்கணக்கில் ஙகர வரிசை இருந்தும் அவ்வெழுத்தால் ஒரு சொல்லைத் தொடங்குவதற்கு நாம் இடந்தேடித் தவிக்கிறோம். அவர்களோ ஒரு பறவையின் பெயரிலேயே அதனை முதலில் வைத்து இயல்பாக ஒலிக்கின்றனர்.

இனி, அலகைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இக்கிளியின் வாழ்க்கை வரலாறு முழுவதும் அந்த அலகிலேயே அடங்கியிருக்கிறது.

மாரி மரத்தின் காய் மரத்தாற் கடைந்தெடுத்த சிறு செம்பு போன்றது. வயிறு பருத்து, கழுத்து ஒடுங்கி, வாய் விளிம்பு சற்றே வெளிவளைந்து இருக்கும். விதைகள் அதன் அடியிற் கிடக்கும். கையால் உடைக்க முடியாத கடினம். பெரும்பாலான பறவைகளுக்கு அது திறவாத பேழை. போடன் கொண்டைக்கிளியின் மேலலகோ நீண்டு, மெலிந்து, நுனி கூரிய கொக்கிபோல் வளைந்திருக்கிறது. கிளி காயைக் காலிற் பற்றும். கொண்டைக்கிளி இனத்தவை பெரும்பாலும் இடக்காலையே இதற்குப் பயன்படுத்துபவை. இடக்கையாற் சோறுண்ணும் பிள்ளையைக் கண்டிக்கும் நம் வீட்டுப் பெரியோர் இதற்கு என்ன சொல்வரோ அறியேன். பற்றிய காயின் விளிம்பிற் கீழலகை ஊன்றி, நீண்ட மேலலகைக் கழுத்துக்குள் நுழைத்து, விதைகளை ஒவ்வொன்றாகக் கிளறி எடுக்கும். காயில் ஏறத்தாழ எவ்வித வடுவும் படுவதில்லை. விளிம்பிற் சிறு பதிவுகள் சில மாத்திரமே எஞ்சும். அதே காட்டில் வாழும் செவ்வாற் கருங்கிளி அவ்வாறன்று. அதன் அலகு குட்டையும் அகலமும் உடையது. காயையே கடித்துக் குதறித்தான் விதையைக் காணும். ஆகவே, மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் காய்களைக் குனிந்து பொறுக்கிப் பார்த்தே, வந்து உண்டது எக்கிளி என்று அனுபவமுள்ளோர் சொல்லிவிடுகின்றனர். பறவையைக் காணவேண்டிய தேவையே இல்லை.

மரமொன்றும் பறவையொன்றும் எத்துணைக் காலம் உடனுறைந்திருந்தால் இத்தகைய பொருத்தம் அமையும்! ஆனால் இந்தப் பொருத்தமே பின்னொரு நாளிற் கிளிக்குப் பகையாய் முடிந்தது. அதற்குமுன், இந்தப் பறவைக்குப் பெயர் வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். இலக்கியப் பக்கத்தின் வாசகர் அதை அறியாது போவது தகாது.

நிக்கொலா போடன் பிரெஞ்சு நாட்டுக் கடலோடி. 1800ஆம் ஆண்டிற் புறப்பட்ட இரு கப்பல்களுக்குத் தலைவராய் வந்து, 1801இல் அவுஸ்திரேலியாவின் தென்மேற்குக் கரையை அடைந்தவர். நாடு திரும்பும் வழியில், 1803இல், மொரீசியசுத் தீவில் உயிர் நீத்தார். கிளிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது அவர் இறந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்தே. சூட்டியவர் யார் என்பதுதான் சுவையான செய்தி. பத்தொன்பது இருபது வயதுள்ள ஓர் ஆங்கில இளைஞர் கிளிகளை மாத்திரமே வரைந்து ஒரு பெருநூல் வெளியிட முயன்றார். உயிருள்ள கிளிகளைக் கண்முன் வைத்து வரைவதில் அவருக்குத் தனி விருப்பம். 1830 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த அந்நூல், 42 படங்களோடு, பணமின்மையால் 1832இல் நின்றுபோயிற்று. அந்த இளைஞர்தாம் எட்வேட் லியர். பிற்காலத்தில், பொருளற்ற வேடிக்கைப் பாக்கள் எழுதி ஆங்கிலம் வழங்கும் நாடெங்கும் குழந்தைகளின் உள்ளங்கவர்ந்தாரே, அதே லியர். 1874ஆம் ஆண்டில் இந்தியப் பயணத்தினிடையே நம் இலங்கைக்கும் வந்து சென்றவர். வேடிக்கைப் பாவலர் என்றே உலகம் அவரை நினைவு கூர்கிறது. உயிர்நூலாரின் ஏடுகளிலோ போடன் கொண்டைக்கிளியின் அறிவியற் பெயருக்குப் பின்னே, பெயரிட்டோர் என்ற இடத்தில், 'லியர், 1832' என்று இன்றும் எழுதப்படுகிறது.

அவர் படத்தில் அலகு நீண்டிருந்தது. அதனை நூறாண்டுக்கு மேல் ஒருவரும் பெரிதாக எண்ணவில்லை. வெள்ளைவாற் கருங்கிளி எல்லாம் ஒன்றே என்று உலகம் கொண்டது. 1948ஆம் ஆண்டில் மேற்கு அவுஸ்திரேலிய இயற்கையாராய்வாளர் ஐவன் கார்னபி என்பவர், உள்நாட்டின் வறண்ட நிலங்களிற் கூடுகட்டும் கிளிகளின் அலகு குட்டையாயும் அகலமாயும் இருத்தலைக் கண்டு, அவை வேறு வகை என எழுதினார். 'அகன்ற அலகினது' என்று பொருள்படும் பெயரையும் இட்டார். லியரின் படத்தில் இருந்தது நீண்ட அலகுடைய காட்டுக்கிளி. ஆதலால் பழைய பெயர் அதற்கே உரியதாக, குட்டை அலகுக் கிளி இன்று கார்னபி கொண்டைக்கிளி என வழங்குகிறது. 1970களில் டெனிஸ் சோண்டர்ஸ் என்னும் ஆய்வாளர் அளவு, குரல், வாழிடம் ஆகியவற்றை ஒப்பிட்டு இவை இரண்டும் வெவ்வேறு இனங்களே எனக் காட்டினார். இரண்டும் கறுப்பு, இரண்டுக்கும் வாலில் வெண்பட்டை, கன்னத்தில் வெண்திட்டு. ஆணுக்குக் கரிய அலகும் கண்ணைச் சுற்றிச் செந்நிற வளையமும், பெண்ணுக்கு எலும்பு நிற அலகும் சாம்பல் நிற வளையமும் இரண்டு இனத்துக்கும் பொது. அலகின் நீளத்தையும் குரலின் நீட்சியையும் விட்டால் வேறுபாடு காண்பது பழகிய கண்ணுக்கும் அரிது.

ஒரு பறவை இரண்டு பறவை என்று மனிதன் அறிந்துகொள்ள நூற்றுப்பதினாறு ஆண்டுகள் சென்றன. அதற்குள் இரண்டின் நாட்டிலும் வெட்டு தொடங்கிவிட்டது.

கார்னபிக் கிளியின் நாட்டில் நிகழ்ந்ததை முதலிற் சொல்வோம், அது வெளிப்படையானது. பேர்த்துக்கு அப்பால் உள்நாட்டிற் பரந்திருந்த திறந்த காடுகளும் பங்க்சியாப் புதர்களும் கோதுமை வயல்களாயின. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அவ்வேலை விரைந்தது. 1960களில் ஆண்டுக்குப் பத்து இலட்சம் ஏக்கர் நிலம் திறந்துவிடுவது என்பது அம்மாநில அரசு பெருமையோடு அறிவித்த கொள்கை. கோதுமை நாட்டின் பல வட்டாரங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் இயற்கைத் தாவரம் அகன்றது. சோண்டர்ஸ் அங்கே ஆராய்ந்த ஊர்களுள் மன்மானிங் என்பதும் ஒன்று. அங்கு கூடு கட்டப் பொந்துள்ள மரங்கள் இருந்தன. ஆனால் உணவுதரும் புதர்க்காடு துண்டு துண்டாகி வெகுதொலைவிற் சிதறிக் கிடந்தது. தாயும் தந்தையும் பொழுதெல்லாம் பறந்து தேடியும் குஞ்சுகள் எடை குன்றியே வளர்ந்தன. 1970களின் பிற்பகுதியில் அவ்வூரிற் கூடு கட்டக் கிளியே வரவில்லை. வீடு இருந்தது, சோறு இல்லை.

காட்டில் வாழும் போடன் கிளியின் துன்பம் இதற்கு எதிர்மாறானது. அதற்குச் சோறு ஓரளவு உண்டு. வீடுதான் இல்லாமற் போகிறது.

இவ்வினங்கள் எவையும் குச்சி பொறுக்கிக் கூடு கட்டுவன அல்ல. மரத்தில் இயல்பாக அமைந்த பெரும்பொந்தே அவற்றின் கூடு. பெண்பறவை உட்புறத்துச் சுவரைக் கடித்து மரத்துகளை அடியிற் பரப்பி, அதன்மேல் ஒன்று அல்லது இரண்டு முட்டையிடும். ஏறத்தாழ நான்கு வாரம் அதுவே தனித்து அடைகாக்கும். அந்நாளெல்லாம் ஆண்பறவை உணவு தேடிவந்து ஊட்டும். இரண்டு முட்டை பொரித்தாலும் பெரும்பாலும் ஒரு குஞ்சே தப்பும். ஓர் இணை ஓராண்டில் ஒரு பிள்ளையை ஆளாக்கினால் அதுவே நிறைவு. எல்லா ஆண்டும் அதுவும் கைகூடுவதில்லை.

பொந்து எவ்வாறு உண்டாகிறது? மரம் முதிர வேண்டும். புயலிலோ தீயிலோ ஒரு பெருங்கிளை முறிய வேண்டும். முறிந்த இடத்திற் காளான் புகுந்து உள்மரத்தை உளுக்கவேண்டும்; கறையான் அதைத் தின்று வெறுமையாக்க வேண்டும். வெளியே பட்டையும் புறமரமும் உயிரோடிருக்க, உள்ளே முழங்கை நீளத்துக்கு மேற்பட்ட ஆழம் அமைய வேண்டும். ஒரு பெருங்கிளி புகுந்து திரும்பத்தக்க அத்தகைய பொந்து, ஏறத்தாழ இருநூறு ஆண்டு முதிராத மரத்திற் கிடைப்பது அரிது. அதனினும் முதிய மரங்களே மிகுதி.

இந்த இருநூறு என்ற எண்ணை நம் நாட்டுக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். ஆறுமுக நாவலர் நல்லூரிற் பிறந்தது 1822ஆம் ஆண்டில். அவர் தொட்டிலிற் கிடந்த அந்நாளில், தென்மேற்கு அவுஸ்திரேலியக் காட்டில் ஒரு மாரி விதை முளைத்தது என்று கொள்வோம். நாவலர் வளர்ந்தார், பள்ளிக்கூடம் நிறுவினார், அச்சுக்கூடம் கண்டார், நூல்கள் பதிப்பித்தார், 1879இல் மறைந்தார். அப்போதும் அம்மரம் கிளிக்குப் பயன்படாத இளமரமே. அவருடைய மாணாக்கரும் அவர்தம் மாணாக்கரும் மறைந்தனர். இரண்டு உலகப் போர்கள் நடந்து முடிந்தன. நாவலரின் இருநூறாம் ஆண்டை 2022இல் நம்மவர் கொண்டாடியபோதுதான் அம்மரம், இடையிலே கோடரிக்குத் தப்பியிருந்தால், ஒரு கிளிக்குஞ்சுக்கு இடங்கொடுக்கும் பருவத்தை எட்டியிருக்கும்.

சுவான் ஆற்றங்கரையில் ஆங்கிலேயர் குடியேறியது 1829ஆம் ஆண்டில்; நம் இலங்கைக்குக் கோல்புறூக் துரை விசாரணைக்கு வந்ததும் அதே ஆண்டு. எனவே இன்று அக்காட்டிற் கிளிகளுக்குக் கூடாய் உதவும் மரங்களிற் பெரும்பாலானவை குடியேற்றத்துக்கு முன் முளைத்தவை. குடியேறியவர் வெட்டியதை எல்லாம் ஈடுசெய்ய அவர்கள் காலத்தில் முளைத்த மரமொன்றும் இன்னும் உரிய வயதை அடையவில்லை. முதல் போட்ட பணத்திலிருந்தே இருநூறு ஆண்டாகச் செலவு நடந்திருக்கிறது. வட்டி இனிமேற்றான் வரத் தொடங்கும்.

மரம் வெட்டும் தொழில் அங்கே நெடுங்காலம் செழித்தது. வைரம் பாய்ந்த நேர்மரங்களை ஆலைக்கு அனுப்பினர். பொந்து விழுந்த முதுமரங்களை 'பயனற்றவை' என்று கருதினர். மேற்கு அவுஸ்திரேலிய அரசு 2021இல் ஒரு முடிவு செய்து, 2023ஆம் ஆண்டு முடிவோடு அரசுக்குரிய இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் வெட்டுவதை நிறுத்தியது. நல்ல முடிவுதான். ஆயினும் ஜாராக் காட்டின் அடியிலே அலுமினியத்துக்கு மூலமான பொக்சைற்று மண் கிடக்கிறது. 1963 முதல் அதனை அகழ்ந்து வருகின்றனர். முதலிற் காட்டை நீக்கி, மண்ணை அள்ளி, பின் மேல்மண்ணைப் பரப்பி மீண்டும் விதை தூவுகின்றனர். இந்த மறுநடுகையை ஏளனஞ்செய்ய நான் விரும்பவில்லை. நட்ட காடு வளர்கிறது, பூக்கிறது, பத்தாண்டுக்குள் கருங்கிளிகள் வந்து அங்கே உணவுண்பதையும் ஆய்வாளர் பதிந்திருக்கின்றனர். ஆனால் உண்டபின் உறங்கிக் குஞ்சு பொரிக்க அவை பழங்காட்டுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. நட்ட ஜாராவிற் பொந்து விழுவது நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளும் காணாத காலத்தில்.

எஞ்சிய பொந்துகளுக்கும் போட்டி உண்டு. தேனுக்காக ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த தேனீக்கள் காட்டிற் பரவி, கிளியின் பொந்துகளிற் குடிபுகுந்து விடுகின்றன. முட்டையோடு இருக்கும் தாய்ப்பறவைக்கும் தேனீக் கூட்டத்துக்கும் நிகழும் போரில் வெல்வது யார் என்று சொல்லத் தேவையில்லை. மழையும் குறைந்துவிட்டது, 1970கள் தொட்டு அந்தத் தென்மேற்கு மூலையில் குளிர்கால மழை தொடர்ந்து சுருங்கி வருகிறது. மழை குன்றினால் மாரி பூப்பதும் காய்ப்பதும் குன்றும். 2010ஆம் ஆண்டு சனவரியில் தென்கரையில் வீசிய கடும் வெப்பத்தில் ஒரே நாளில் நூற்றுக்கு மேற்பட்ட கார்னபிக் கிளிகள் மரத்தடியில் வீழ்ந்து மாண்டன. இருமாதம் கழித்துப் பேர்த் நகரிற் பெய்த ஆலங்கட்டி மழையில் மேலும் பல மடிந்தன.

இப்போது, முன்னே நிறுத்திய பகைக்கதைக்கு வருவோம். மழைவளமுள்ள அதே மலைச்சாரல்களில், மஞ்சிமப், டொனிபுறூக் முதலிய ஊர்களைச் சூழ, அப்பிளும் பேரியும் நன்கு விளையும். மாரிக் காயின் ஒடுங்கிய கழுத்துக்குள் நுழைந்து விதை எடுக்கக் கற்ற அலகுக்கு, அப்பிளைப் பிளந்து நடுவிலுள்ள விதைகளை எடுப்பது விளையாட்டு. கிளிக்குச் சதை வேண்டாம். பழத்தைப் பிளந்து, விதையைத் தின்று, எஞ்சியதைக் கீழே எறிந்துவிட்டு அடுத்த பழத்துக்குத் தாவும். மாரி காய்க்காத ஆண்டில் ஒரு கூட்டம் தோட்டத்தில் இறங்கினால், தோட்டக்காரன் காலையிற் காண்பது தரைமுழுதும் பிளந்து கிடக்கும் பழங்களையே. அவன் கோபத்தை நாம் புரிந்துகொள்ள முடியாதவர் அல்லோம். தினைப்புனத்திற் பரண்மேல் நின்று தட்டையும் குளிரும் தழலும் ஒலித்துக் கிளியோட்டிய பெண்களைப் பாடிய இலக்கியத்துக்கு வாரிசுகள் நாம். கிளி விளைச்சலுக்குப் பகை என்பது நாம் அறியாததன்று.

ஆனால் குறிஞ்சிப் பெண் கிளியை ஓட்டினாள். மேற்கு அவுஸ்திரேலியத் தோட்டக்காரன் சுட்டான். நெடுங்காலம் சட்டமும் அதற்கு இடங்கொடுத்தது. பின்னர்ச் சட்டம் தடுத்தது; துப்பாக்கி முற்றாக அடங்கவில்லை. காயம்பட்டுச் சிகிச்சைக்குக் கொண்டுவரப்படும் கருங்கிளிகளின் உடலில் ஈயக்குண்டுகள் காணப்படுவது உண்டு. இதிற் கணக்கொன்றைக் கவனிக்க வேண்டும். ஆண்டுக்குப் பத்துக் குஞ்சு பொரிக்கும் பறவையில் நூறு சுட்டால் மறு ஆண்டே ஈடாகிவிடும். ஓராண்டுக்கு ஒரு குஞ்சே வளர்க்கும் கிளியில், அதுவும் ஓர் இணையிற் பெண்ணைச் சுட்டால், அடுத்து வரும் பல ஆண்டுகளின் குஞ்சுகளையும் சேர்த்தே சுட்டதாகும். தோட்டங்களை வலையால் மூடுவது பயன்தரும் வழி. பலர் அவ்வாறே செய்துள்ளனர். வலைக்குப் பணம் வேண்டும். துப்பாக்கிக் குண்டு மலிவு. சிறு தோட்டக்காரனைக் குறை கூறுமுன் இதையும் நினைக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் விடக் கொடியது ஒன்று உண்டு. அதற்குக் காரணம் மனிதனும் அல்ல, தேனீயும் அல்ல. கிளியின் நீண்ட ஆயுளே.

கருங்கிளிகள் பல பதிற்றாண்டு வாழ்பவை. காலில் வளையமிட்டுவிட்ட கார்னபிக் கிளிகளுள் முப்பது ஆண்டைக் கடந்தும் கூடு கட்டியவை உண்டு. ஆகையால் ஒரு காட்டிற் குஞ்சு பொரிப்பது இன்று அடியோடு நின்றுவிட்டாலும், அந்தக் காட்டின் மேலே இருபது, முப்பது ஆண்டுக்குக் கிளிக்கூட்டம் பறந்துகொண்டே இருக்கும். அயலிலுள்ளோர் அண்ணாந்து பார்ப்பர். 'கிளிக்கு என்ன குறை? நேற்றும் நூறு பறந்தனவே' என்பர். பறந்த நூறும் முதியவை என்பது தரையிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. இளையவர் எல்லாரும் ஊர்விட்டுப் போய்விட, திருவிழாவுக்குத் திரளும் முதியோரைக் கொண்டே ஊர் நிறைந்திருக்கிறதென்று நம்பும் கிராமங்களை நாம் அறிவோம் அன்றோ?

ஆகவே எண்ணுவதே ஒரு பெரும்பணியாயிற்று. மேற்கு அவுஸ்திரேலியப் பறவை ஆர்வலர் ஒரு நல்ல வழி கண்டனர். ஏப்பிரல் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நூற்றுக்கணக்கான பொதுமக்கள், ஆசிரியரும் மாணவரும் முதியோரும், தென்மேற்கு எங்கும் கிளிகள் இரவு தங்கும் மரங்களின் அடியில் ஒரே நேரத்திற் போய் நிற்பர். கதிரவன் மறையும் வேளையில் கிளிகள் எத்திசையிலிருந்து எத்தனை வந்து அடைகின்றன என்று குறிப்பர். பேர்த் நகரின் புறத்தே பல ஆண்டுகளுக்கு முன் நட்ட பைன் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான கார்னபிக் கிளிகள் தங்குவதும், அப்பைன்கள் வெட்டப்படுந்தோறும் அவை இடமின்றி அலைவதும் இத்தகைய எண்ணிக்கையாலேயே நன்கு வெளிப்பட்டன. கூமாலோ ஓடைப் பகுதியில், 1969 முதல் சோண்டர்ஸ் கவனித்துவந்த இடத்தில், சிதைந்த பொந்துகளைச் செப்பனிட்டும் செயற்கைக் குழாய்களை மரத்திற் கட்டியும் கொடுத்தபோது கார்னபிக் கிளிகள் அவற்றை ஏற்றுக் குஞ்சு பொரித்தன, கூடுகள் பெருகின. ஆனால் காரி மரத்தின் உச்சியில், எளிதில் எவரும் ஏறிப் பார்க்க முடியாத உயரத்திற் கூடு கொள்ளும் போடன் கிளிக்கு இத்தகைய உதவி செய்வது அவ்வளவு எளிதன்று.

பேர்த் நகரில் நம்மவர் பலர் குடியிருக்கின்றனர். மலைச்சாரலை ஒட்டிய புறநகர்களில் வாழ்வோர்க்கு இக்கிளிகளின் குரல் புதிதன்று. இரு இனமும் சிலவேளை ஒன்றாகக் கலந்தே இரவுத் தங்கலுக்கு வரும். எண்ணுவோர் கையில் ஒரு தாள் இருக்கும். அதில் போடன், கார்னபி என இரு பத்திகள். வானம் வெளுத்திருக்கும்வரை அலகைப் பார்க்கலாம். குரலையும் கேட்கலாம், கார்னபியின் சீழ்க்கை சற்று நீண்டது, போடனுடையது குறுகி வெட்டுண்டது. இருள் கூடக்கூட இரண்டும் ஒன்றாகிவிடும். அப்போது எண்ணுபவர் மூன்றாவது பத்தியில் 'வெள்ளைவால்' என்று மாத்திரம் எழுதி, எத்தனை நிழல்கள் மரத்துள் நுழைந்தன என்பதைக் குறித்துக்கொண்டு, இன்னும் ஏதாவது வருகிறதா என்று சற்று நேரம் அங்கேயே நிற்பார்.